முண்டந்துறைக்குப் புலி பார்க்க வருகிறவர்களுக்கு

நான் முண்டந்துறைக் காட்டின் அடிவாரத்தில், திருநெல்வேலி மாவட்டத்து வி.கே.புரத்தில் (விக்கிரமசிங்கபுரம்) பிறந்தவள் என்று தெரிந்தால் போதும், சென்னையில் யாரும் கேட்கிற முதல் கேள்வி, "அங்க போனா புலி தெரியுமா?" என்பதுதான். தெரியாது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். "அப்புறம் எதுக்குப் புலிகள் காப்பகம்னு பேரு?" என்பார்கள், ஏதோ நான்தான் பெயர் வைத்தது போல. அடுத்த நிமிடம் பேச்சு முதுமலைக்கோ கபினிக்கோ தாவிவிடும்.

பெயரில் பொய் ஒன்றும் இல்லை. 1962-ல் முண்டந்துறையைப் புலிகளுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். 1976-ல் தெற்கே இருக்கும் களக்காட்டு மலையை சிங்கவால் குரங்குக்காகச் சரணாலயம் ஆக்கினார்கள். 1988-ல் இரண்டையும் சேர்த்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்று ஆனது. இந்தியாவில் 17-வது, தமிழ்நாட்டில் முதலாவது. முதுமலையும் ஆனைமலையும் அந்தப் பட்டியலில் சேர 2007 வரை ஆயிற்று. எங்கள் ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்கள். நானும்தான்.

ஆனால் இது புலி கூட்டமாகத் திரியும் காடு இல்லை. காரணம் சுலபம். புலிக்கு மான் வேண்டும், மானுக்குப் புல் வேண்டும். இந்த மலையில் பெரும்பகுதி செங்குத்தான சரிவும் அடர்ந்த மழைக்காடும். உச்சி வெயிலிலும் தரைக்கு வெளிச்சம் சரியாக இறங்காத இடத்தில் புல் எங்கே முளைக்கும்? முண்டந்துறை மேடு மட்டும்தான் கொஞ்சம் வெட்டவெளி. அங்கே புள்ளிமான் உண்டு, மிளா என்கிற பெரிய மான் உண்டு. அந்த மேட்டிலும் உண்ணிச்செடி புதர் புதராக மண்டி புல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பூ அழகாக இருக்கிறது என்று அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும்.

போன கோடையில் என் சித்தி மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். தோளில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். பாபநாசம் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்டிக் பை, பாட்டில் எல்லாம் பார்த்தார்கள். பையன் வைத்திருந்த சிப்ஸ் பொட்டலத்தை ஒரு டப்பாவில் கொட்டிக்கொள்ளச் சொல்லி, காலி உறையை வாங்கிக்கொண்டார்கள். தம்பிக்கு அதுவே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "என்னக்கா, ஏர்போர்ட்டை விட மோசமா இருக்கு?" என்றான். காட்டுக்குள் கிடக்கும் மசாலா வாசனை உறையை மிளா மெல்லும், குரங்கு நக்கும் என்று சொன்னேன். அவன் மனைவிக்குப் புரிந்தது. அவனுக்கு இன்னும் லென்ஸ் நினைப்பு.

எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் இந்த மலையின் பழங்குடியான காணிக்காரப் பையன், முப்பது வயது இருக்கும். தம்பி அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டான். "படத்துல பாத்திருக்கேன் சார்," என்றார் அவர். தானியங்கிக் கேமராவில் விழுகிற படத்தைச் சொல்கிறார். பிறந்ததிலிருந்து இந்த மலையில் இருப்பவர், தினமும் காட்டுக்குள் நடப்பவர். நேரில் பார்த்தது குறைவு, எச்சத்தையும் மரத்தில் நகம் கீறிய தடத்தையும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன் என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு தம்பி லென்ஸைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டான்.

அவர்கள் பார்த்தது என்ன? ரோட்டோரம் ஒரு மிளா நின்றது. வாகை மரத்தில் கருமந்திக் குடும்பம் ஒன்று, தலையில் செம்பட்டை, உடம்பு முழுக்கக் கறுப்பு. மலையணில் ஒன்று கிளைக்குக் கிளை தாவியதில் குட்டிப் பெண் "பூனை பறக்குது" என்று கத்தினாள். சேர்வலாற்றுப் பாலத்தருகே நீர்நாய்கள். ஒரு கும்பல், மீனைப் பிடித்துப் பாறையில் வைத்துக் கறுக்முறுக்கென்று தின்றுகொண்டு, ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டு. பிள்ளைகள் இரண்டும் அதை விட்டு நகரவே இல்லை. கிளம்பலாம் என்றபோது அழுகை. இந்தியாவில் இரண்டு மூன்று புலிக் காடுகளுக்குக் காசு கட்டிப் போன என் தம்பி, பெற்ற பிள்ளைகள் நீர்நாய்க்காக அழுததை இன்னும் ஒரு குறையாகத்தான் சொல்கிறான்.

சிங்கவால் குரங்கை அவர்களுக்குக் காட்ட முடியவில்லை. அது மேலே, மழைக்காட்டில், உயர்ந்த மரத்தின் உச்சியில் வாழ்வது. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு. எங்கள் மலையில் அதற்கு முக்கியமான மரம் வெடிப்பலா. பலாவைப் போலவே முள்முள்ளாகக் காய்க்கும், ஆனால் உருவத்தில் சின்னது. பூ கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கும். மற்ற பழங்கள் அதிகம் இல்லாத வறண்ட மாதங்களில் அது பூப்பதால் குரங்கு, அணில், மரநாய், வௌவால் என்று எல்லாமே அந்த மரத்தை நம்பித்தான் பிழைக்கும். வெடிப்பலா இருக்கிற காட்டில் சிங்கவாலைத் தேடலாம், இல்லாத இடத்தில் வீணாகக் கழுத்து வலிக்கும். அவ்வளவு உயரத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சரி. என்னைக் கேட்டால் இந்தக் காட்டில் பார்க்க வேண்டியது தண்ணீர்.

என் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். 1880களில் வெள்ளைக்காரர்கள் பாபநாசம் அருவியின் வேகத்தை நம்பித்தான் இங்கே நூற்பாலை வைத்தார்கள். அந்த மில்தான் வி.கே.புரத்தை ஊராக்கியது. காலையில் செய்தித்தாள் வந்தால் அப்பா தலைப்புச் செய்தியைப் பார்க்கமாட்டார். நேராக அணை நீர்மட்டம் போட்டிருக்கும் மூலைக்குப் போவார். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இவை முழுக் கொள்ளளவு. இன்று எவ்வளவு, நேற்றைவிட ஏறியதா இறங்கியதா, உள்ளே எத்தனை கன அடி வருகிறது. எங்களுக்கு வயல் ஒரு செண்டு கூடக் கிடையாது. இருந்தும் பார்ப்பார். எங்கள் தெருவில் எல்லா ஆண்களும் பார்ப்பார்கள். டீக்கடையில் அரசியலுக்கு முன்னால் அணைப் பேச்சுத்தான் ஓடும்.

தாமிரபரணி பொதிகையில் பூங்குளம் அருகே பிறந்து, புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. சுமார் 125 கிலோமீட்டர். தொடக்கம் முதல் முடிவு வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுவதால் பக்கத்து மாநிலத்தோடு வழக்கு வாய்தா கிடையாது. வற்றாத நதி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், ஏன் வற்றவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அதைப் பிற்பாடு நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டும்போது முகட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் விழும். கீழே எங்களுக்கு அது சாரல். மேலே அது மழை. அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஐப்பசி அடைமழை கிழக்கிலிருந்து வரும். ஆக, மலைக்கு இரண்டு தடவை நனைகிற யோகம். மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு என்று தேயிலை எஸ்டேட் ஊர்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அதிக மழை பெய்த இடம் என்று செய்தியில் அடிக்கடி வருகிற பெயர்கள் அவைதான். ஆனால் மழை பெய்தால் மட்டும் நதி ஓடிவிடாது. மொட்டை மலையில் பெய்கிற மழை இரண்டே நாளில் கடலுக்குப் போய்விடும். இங்கே மழை முதலில் இலையில் விழுகிறது, அப்புறம் பாசியில், அப்புறம் முழங்கால் ஆழத்துக்கு மக்கிய சருகில். மண் அதை உடனே விடுவதில்லை. சுருக்குப் பையில் காசு சேர்க்கும் கிழவி மாதிரி வைத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கும். சித்திரை வெயிலில் காட்டுக்குள் கன்னிகட்டிப் பக்கம் ஓடைகளில் கண்ணாடி போலத் தண்ணீர் ஓடுவது அதனால்தான்.

அந்தத் தண்ணீரை நம்பி ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்தது, மற்றவை அதற்கும் மூத்தவை. ஏறக்குறைய 86,000 ஏக்கர் இவற்றால் விளைகிறது. கார் ஒரு போகம், பிசானம் ஒரு போகம். தூத்துக்குடி வரைக்கும் குடிதண்ணீர் இதே ஆறுதான். வாழைக்காயை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற வியாபாரிக்கும், கடற்கரையில் குழாயைத் திறக்கிற வீட்டுக்காரிக்கும் முண்டந்துறையைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. நினைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தம்பி மாதிரி "அங்க என்னதான் இருக்கு" என்று கேட்காமல் இருந்தால் போதும்.

காடு கொடுப்பது எப்போதும் அளவோடு வருவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். 1992 நவம்பர் வெள்ளத்தை எங்கள் ஊரில் இன்னும் தேதி சொல்லிப் பேசுவார்கள். 2023 டிசம்பரில் மலையிலும் சமவெளியிலும் ஒரே நேரத்தில் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த அளவு மழையை எந்தச் சருகும் பிடித்து வைக்காது.

இனி கோவில். முண்டந்துறைக்கு வருகிறவர்களில் சுற்றுலாக்காரர்கள் ஒரு சின்னப் பங்கு. பெரும் பங்கு சாமி கும்பிட வருகிறவர்கள். காரையாறு சொரிமுத்தையன் கோவில் புலிகள் காப்பகத்துக்கு உள்ளே, ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு தூத்துக்குடி, நாகர்கோவில், சங்கரன்கோவில் என்று எங்கெங்கோ இருந்து லட்சக்கணக்கில் சனம் வரும். எங்கள் வீட்டுக்கும் சாஸ்தா, அதாவது குலசாமி, அவர்தான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது ஒரு குடிபெயர்ச்சி. டிராக்டரில் பானை, அரிசி மூட்டை, பாய், கோழி, ஆடு, அதன்மேல் ஆச்சி. காட்டுக்குள் ஆற்றோரம் ஓலைக் குடிசை போட்டுத் தங்குவோம். ஆடி பிறந்ததிலிருந்தே வந்து தங்கியவர்கள் உண்டு. காலையில் ஆற்றில் குளியல், மதியம் சோறு, மறுபடி ஆற்றில் குளியல். ராத்திரியில் வில்லுப்பாட்டு. சங்கிலி பூதத்தார் சன்னதியில் சாமியாடிகள் இரும்புச் சங்கிலியால் தங்கள் மேலேயே அடித்துக்கொள்ளும்போது நான் ஆச்சி சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். பூக்குழி அன்று மட்டும் கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்வாள். வெளியே ஒரு மரம், நேர்த்திக்குக் கட்டிய மணிகளையெல்லாம் பட்டை வளர்ந்து உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். மணிமுழுங்கி மரம் என்று பெயர். சிங்கம்பட்டி சமீன் ராஜா, தலைப்பாகையும் ராஜ உடையுமாக வந்து உட்கார்ந்து தரிசனம் கொடுப்பார். சமீன் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகியும் அந்த ஒருநாள் கொலு தொடர்ந்தது. கடைசியாகப் பட்டம் கட்டிய முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார்.

எனக்குப் பிடித்தது பட்டவராயன் சன்னதி. அங்கே காணிக்கை செருப்பு. பிராமண குலத்தில் பிறந்தவன், செருப்புத் தைக்கிற வீட்டுப் பெண்கள் பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலை அறுத்தெறிந்து, தானும் செருப்புத் தைத்து, அவர்கள் வீட்டு மாடுகளைக் களவாட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். செத்த பிறகு சாமி. பக்தர்கள் புதுச் செருப்பு வாங்கிக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்த வருடம் பார்த்தால் தேய்ந்திருக்கும், பட்டவராயன் காட்டைச் சுற்றி வந்திருக்கிறார் என்பார்கள். ஆச்சி ஒவ்வொரு வருடமும் போய் அடிப்பாகத்தைத் திருப்பித் தேய்மானம் பார்ப்பாள். காட்டுக்குக் காவல் போட முதலில் யோசித்தது வனத்துறை இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இப்போது மாதக்கணக்கில் தங்கல் கிடையாது, சில நாட்கள்தான். திருவிழா சமயத்தில் சொந்த வண்டியைக் கீழே அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மேலே போக வேண்டும். எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு இதில் கோபம். "சாமியைப் பார்க்க டிக்கெட், மான் பார்க்கிறவனுக்கு ஜீப்பா?" என்று என் மாமா கேட்பார். கேள்வி நியாயமானதுதான். இரண்டாயிரம் ரூபாய் கேமராப் பை தோளில் தொங்கினால் காட்டின் நண்பன், தலையில் மஞ்சப்பை இருந்தால் குப்பை போடுகிறவன் என்று ஒரு பார்வை இருக்கத்தான் செய்கிறது. இயற்கை ஆர்வலர் கூட்டங்களில் கோவிலையே மூடிவிட வேண்டும் என்று பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இந்தக் காடு இருந்தால்தான் அந்தச் சாமி என்று ஆச்சிக்குத் தெரியும். பெரிய படிப்பு இல்லாமலே தெரியும்.

ஆனால் மாமாவோடும் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. திருவிழா முடிந்த மறுவாரம் அந்த ஆற்றங்கரையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். லட்சம் பேர் நாலு நாள் இருந்தால் கழிப்பது எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். ஆச்சி காலத்தில் வாழை இலையும் மண்பானையும் மிஞ்சின. இப்போது தெர்மாக்கோல் தட்டு, ஷாம்பு பொட்டலம், டயப்பர். அதைவிடப் பெரிய தொல்லை துணி. ஆற்றில் குளித்துவிட்டு உடுத்திய துணியை அப்படியே தண்ணீரில் விட்டால் தோஷம் போகும் என்று எவனோ கிளப்பிவிட்டான். பாபநாசம் படித்துறையில் தொடங்கி எங்கும் சேலையும் வேட்டியும் பாறை இடுக்கில் சிக்கிக் கிடக்கும். தன்னார்வலப் பிள்ளைகள் வருடா வருடம் ஆற்றுக்குள் இறங்கி வாரி வாரி எடுக்கிறார்கள், மாளவில்லை. நம் வீட்டில் எந்தக் கிழவியும் இப்படி ஒரு பரிகாரம் செய்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் ஒரு சேலையை ஆற்றில் விடுகிற வசதி யாருக்கு இருந்தது?

காட்டைச் சுற்றி இருக்கிற ஊர்களுக்கும் காட்டுக்கும் உள்ள உறவு சாமியோடு முடிவதில்லை. எங்கள் பக்கம் பெண்களுக்கு இரண்டு வேலைதான் இருந்தது. பீடி சுற்றுவது, விறகுக்குப் போவது. அம்மா பீடி. அத்தை விறகு. கோழி கூவ நாலைந்து பேராகக் கிளம்பி, அரிவாளும் கயிறுமாக மலையேறி, தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வந்து அம்பாசமுத்திரத்து ஓட்டல்களுக்குப் போடுவார்கள். வழியில் கரடி, வனக்காவலர், இரண்டுக்கும் ஒரே அளவு பயம். 1990களின் நடுவில் உலக வங்கிப் பணத்தில் இங்கே சூழல் மேம்பாட்டுத் திட்டம் ஒன்று வந்தது. ஊருக்கு ஊர் கிராம வனக்குழு அமைத்து, விறகுக்குப் போகிறவர்களுக்கு மாடு வாங்க, கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். அடுப்பு மாறியது. அத்தை இட்லிக் கடை போட்டாள். கடனையும் அடைத்தாள். திட்டம் என்றாலே காகிதம் என்று நினைக்கிறவள் நான், ஆனால் இது என் கண் முன்னால் நடந்தது. அத்தையோடு போன பெண்களில் ஒருத்தியாவது இப்போது விறகுக்குப் போவதாகத் தெரியவில்லை. சமையல் எரிவாயு விலை ஏறும்போது மட்டும் பழைய பாதையைப் பற்றிப் பேச்சு வரும்.

காட்டுக்குள்ளேயே வாழ்கிற காணிக்காரர்கள் கதை வேறு. மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று அவர்கள் குடியிருப்புகள். ஊர்த் தலைவர் மூட்டுக்காணி. மரச்சீனிக் கிழங்கு, மிளகு, தேன். மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் காணிகள் 1987-ல் தங்களோடு நடந்த விஞ்ஞானிகளுக்கு ஒரு செடியின் பழத்தைக் கொடுத்தார்கள். களைப்பு தெரியாமல் நடக்க அதைத் தின்பது அவர்கள் வழக்கம். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து மருந்து செய்து, வந்த வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு கொடுத்தார்கள். அப்படிப் பங்கு கொடுத்தது உலக அளவில் பேசப்பட்டது. எங்களோடு வந்த காவலரிடம் அந்தச் செடியைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். கேட்டவுடன் காட்டிவிட அவர் என்ன வழிகாட்டிப் பலகையா? எனக்கு அது பிடித்திருந்தது.

அகத்தியர் மலை உச்சிக்கு எங்கள் பக்கத்திலிருந்து நடந்து போனவர்கள் அப்பா தலைமுறையில் நிறைய. இப்போது அனுமதி கேரளத்தில் போனக்காடு வழியாகத்தான், வருடத் தொடக்கத்தில் சில வாரங்கள். பெண்களுக்கு அங்கே 2019 சனவரியில்தான் வழி திறந்தது, அதுவும் நீதிமன்றம் சொன்ன பிறகு. அட்டை ஆண் பெண் பார்த்துக் கடிப்பதில்லை என்பதை அதற்கு வெகுகாலம் முன்பே நாங்கள் சொல்லியிருப்போம்.

மாஞ்சோலையைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது, எழுதினால் யாராவது ஒரு பக்கம் கோபித்துக்கொள்வார்கள். 1929-ல் சிங்கம்பட்டி சமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 வருடக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை வைத்தார்கள். வெட்டியவர்களும், நட்டவர்களும், கிள்ளியவர்களும் தொழிலாளர்கள். நாலைந்து தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்கள். 1999 சூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அதே தாமிரபரணியில். குத்தகை 2028-ல் முடிகிறது. கம்பெனி 2024-லேயே விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்திவிட்டது. அரசே தோட்டத்தை எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

தோட்டம் மூடியது காட்டுக்கு நல்லதா என்றால் நல்லதுதான். கத்தரிக்காமல் விட்டால் தேயிலை மரமாக வளரும், நடுவில் மழைக்காட்டு நாற்று தலைதூக்கும், சிங்கவால் குரங்குக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக உச்சிக்கிளைப் பாதை திரும்பவும் கிடைக்கலாம். பள்ளியில் என்னோடு படித்த மாஞ்சோலைத் தோழி இப்போது கீழே வாடகை வீட்டில் இருக்கிறாள். மின்விசிறி இல்லாமல் தூங்கிப் பழகியவள், எங்கள் ஊர் வெயிலில் தவிக்கிறாள். "மலை திரும்பக் காடாகட்டும், நான் வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு எங்க அம்மா குழியை விட்டுட்டு வரணும்னு யாரும் முன்னாலயே சொல்லலையே," என்றாள். வனம் பற்றிய கூட்டங்களில் பேசுகிறவர்களும் தொழிலாளர் கூட்டங்களில் பேசுகிறவர்களும் ஒரே மேடையில் இதைப் பேசி நான் கேட்டதில்லை. பேசினால் முதல் வரிசையில் உட்கார நான் தயார்.

சரி, வருகிறவர்களுக்கு. மழை விட்ட தையும் மாசியும் நல்ல மாதங்கள். வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், வெள்ளம், தீ, கணக்கெடுப்பு என்று அவ்வப்போது மூடிவிடுவார்கள். குரங்குக்கு வாழைப்பழம் நீட்டாதீர்கள், கோவில் பக்கம் அவை பையைப் பிடுங்கப் பழகியதே அப்படி நீட்டியவர்களால்தான். ஆற்றில் பாறை வழுக்கும். அணை திறந்தால் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது, அதனால் ஊர்க்காரர்கள் இறங்குகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

தம்பி இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு வருகிறானாம். பிள்ளைகள் நீர்நாய் கேட்கிறார்களாம், அவன் பட்டவராயனுக்குச் செருப்பு வாங்கி வைத்திருக்கிறான். கூட்டத்தில் நீர்நாய் ஒன்றும் தலைகாட்டாது என்று சொல்லிவிட்டேன். பேருந்தில் நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும், லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வா, குளித்த ஈரத்துணியைத் திருப்பி எடுத்துவர நல்ல பெரிய துணிப்பை ஒன்று கொண்டு வா என்றும் சொல்லியிருக்கிறேன்.